விசில்காரன்

சாவோ பாவுலோவின் சுவர்களில் எறும்பு வரைந்தவள் ஜுசாரா.
நான் அவளுக்கு விசிலடித்தவன்.
இரண்டு விரலை நாக்கடியில் மடித்து
ஒருமுறை ஊதினால், ஆள் வருகிறது.
இருமுறை என்றால் போலீஸ்.
மூன்றுமுறை ஊத வேண்டி வந்ததே இல்லை,
மூன்றுக்கு என்ன பொருள் என்று நாங்கள் பேசி வைக்கவும் இல்லை.

பத்தொன்பது வயதில்
பிராஸ் மேம்பாலத்தின் அடியில் அவளுடைய முதல் எறும்பு.
வாயில் இலை இல்லை,
ஒரு மெத்தையைக் கவ்விக்கொண்டு போனது.
அந்த வாரம்தான் அவள் அம்மாவை
வீட்டைக் காலி செய்யச் சொல்லியிருந்தார்கள்.
அடுத்த எறும்பு ஃபிரிட்ஜைச் சுமந்தது,
அதற்கடுத்தது ஒரு கதவை, பூட்டோடு.

எறும்பு ஊரக் கல்லும் தேயுமாம்.
சிமென்ட் தேயவில்லை.
எங்கள் செருப்புதான்.

விடிந்தால் நகராட்சி லாரி வரும்,
பீப்பாய் பீப்பாயாய்ச் சாம்பல் நிறம்.
ஒவ்வொரு எறும்பின் மேலும் ஒரு கட்டம் பூசிவிட்டுப் போவார்கள்.
நேற்றைய சாம்பலும் இன்றைய சாம்பலும்
ஒட்டவே ஒட்டாது.
பேருந்து ஜன்னலில் நெற்றியை அழுத்தி அவள் எண்ணுவாள்:
அது என்னுடையது,
அதுவும்,
அது இல்லை, அது வேறு யாரோ.

மோக்காவில் ஒரு கிடங்குச் சுவர். தூறல்.
எனக்குப் பசி.
கோழி அடைத்துப் பொரித்த கொஷீன்யா ஒன்றைப்
பாதி கடித்திருந்தேன்,
சந்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள்.
ஊதினேன்.
தூள்தான் பறந்தது.

அவள் டப்பாவைப் பிடுங்கி
அவள் தலையிலேயே அடித்துத் தீர்த்தார்கள்.
பச்சை.
மறுநாள் முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு வந்தாள்.
ஊதினேன், சத்தம் வரவில்லை என்றேன்.
அது பொய்யும் இல்லை.
அவள் மேற்கொண்டு கேட்கவில்லை,
இருபத்திரண்டு வருடமாக.

காசுக்கு வரைந்த முதல் சுவர் ஒரு கறிக்கடை ஷட்டர்.
கறிக்கடையில் எறும்பா, பசு போடு என்றார் கடைக்காரர்.
போட்டாள்.
குனிந்து பார்த்தால் பசுவின் காதுக்குள் ஆறு கால்.
பிறகு பள்ளிக்கூடம், பிறகு ராட்டர்டாமில் ஒரு கண்காட்சி,
பிறகு இருமல்,
முகமூடி போடாத வருடங்களின் இருமல்.

இப்போது ஒரு வங்கி கேட்கிறது,
பன்னிரண்டு மாடி, கிரேன், தலைக்கவசம், காப்பீடு.
விண்ணப்பத்தில் உதவியாளர் பெயருக்கு எதிரே
'பணி' என்ற இடத்தில்
'விசில்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தாள்.
அதிகாரி இருமுறை படித்தார்.
எனக்கும் ஒரு தலைக்கவசம் கொடுத்தார்கள்.

இருபது நாள் கீழே நின்றேன்.
பட்டப்பகல். போலீஸ்காரர் ஒருவர்
எறும்போடு படம் எடுத்துக்கொண்டு போனார்.
எதற்கு நிற்கிறேன் என்று கால்களுக்குத் தெரியவில்லை.

இருபத்தொன்றாம் நாள்
ஒன்பதாம் மாடி எறும்பின் வாய் நிரம்பியது:
ஒரு கார் அளவுக்கு,
பொன்னிறமாய்,
பாதி கடித்த கொஷீன்யா.

வங்கி மேலாளர் பக்கத்தில் வந்து நின்றார்.
சேமிப்பின் குறியீடா என்று கேட்டார்.
ஆமாம் என்றேன்.

வாய் வறண்டிருந்தது. எச்சில் கூட்டி
இரண்டு விரலை மடித்து
மூன்றுமுறை ஊதினேன்.
நிறுத்தத்தில் நின்ற அத்தனை பேரும் திரும்பினார்கள்.
கிரேன்காரன் பயந்துபோய் எந்திரத்தை நிறுத்திவிட்டான்.
மேலிருந்து அவள் ஏதோ கத்தினாள்,
காற்றில் சரியாகக் கேட்கவில்லை.