மணிக்கயிறு

சாமியார் வருடத்துக்கு மூன்று முறை வருவார்,
கடல் விட்டால்.
மற்ற நாளெல்லாம் நான்தான்
சிலோயேயின் இந்தக் கடைசித் தீவுக்கு உபதேசியார்.
பிள்ளை தலையில் தண்ணீர் ஊற்ற,
பிணத்தின் மேல் மண் போட,
கோயில் சுவரில் பெயர்ந்த மரச்செதில்களை எண்ணி
யாரிடம் ஆணி கேட்கலாம் என்று யோசிக்க.
பெயர் ஒத்தீலியா வெனுமான். வயது ஐம்பத்தெட்டு.
உமக்குத் தெரியும்.
இருந்தாலும் சொல்கிறேன்,
இன்று கொஞ்சம் முறையாகப் பேச வேண்டியிருக்கிறது.

நேற்று மாலை மூடுபனி இறங்கியது.
முதலில் எதிர்த்தீவு போனது.
பிறகு பாசி காயப்போட்ட கரை.
பிறகு என் வேலியோரம் நின்ற பசுவின் பின்பாதி.
ஐந்து படகுகள் வெளியே.
பனி இறங்கினால் மணி அடிக்க வேண்டும்.
எங்கும் எழுதிவைக்காத சட்டம்,
ஆனால் தீவில் எல்லாப் பிள்ளைக்கும் தெரியும்.

ஒன்பது மணிக்குள் நான்கு படகு வந்துவிட்டது.
பெண்கள் அழுதார்கள், பிறகு திட்டினார்கள்,
பிறகு சூப் வைக்கப் போனார்கள்.
ஐந்தாவது, ரொசமெலுடையது.

அவனை உமக்கு நான் அறிமுகம் செய்ய வேண்டாம்.
மூன்று வருடம் முன்பு, பேதுரு திருநாள் இரவில்,
குடித்த கையால் சுக்கான் பிடித்து
என் எர்னால்தோவைக் கூட்டிப்போனவன்.
தனியாகத் திரும்பினான்.
படகின் அடியில் ஒரு ரப்பர் பூட்ஸ், இடதுகால்.

அதற்குப் பிறகு அவன் கோயிலுக்குள் வந்ததில்லை.
ஞாயிறுதோறும் வாசல் தூணோடு நிற்பான்,
மழையானாலும்.
உள்ளே நான் செபம் சொல்லிக்கொண்டு போவேன்.
'பொறுப்பது போல' என்ற இடம் வந்தால்
எனக்கு இருமல் வரும்.
அந்த இருமலுக்காகச் சபையே காத்து நிற்கும்,
அது முடிந்ததும் ஆமென்.

"போதும் ஒத்தீலியா, கை வலிக்கும்" என்றான் ஒயார்சோ.
அவன் கையைப் பற்றிப் பேசவில்லை.
கயிற்றை விட்டேன்.

எத்தனை அமைதி, ஆண்டவரே.
கூரையிலிருந்து பனி சொட்டும் சத்தம்கூடத்
துல்லியமாகக் கேட்டது.
முப்பது வருடமாய் 'வழிகாட்டும், வழிகாட்டும்' என்று
ஊரையே கேட்கவைத்தவள் நான்.
ஒரு சொல் தந்திருக்கலாம்.
விரல் உடைந்த சூசையப்பர்
எப்போதும்போல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
கயிறு மட்டும்
கடைசியாய் இழுத்த வேகத்தில்
இன்னும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது.
அவ்வளவுதான் நீர் காட்டியது.

பிடித்தேன்.
எழுதிக்கொள்ளும்: மன்னிக்கவில்லை.
அறைகிற மாதிரிதான் அடித்தேன் ஒவ்வொன்றையும்.
எங்கே இருக்கிறாய். எங்கே இருக்கிறாய்.
குடிகாரா, எங்கே இருக்கிறாய்.

நடுஜாமத்தில்தான் உறைத்தது,
இது என் கேள்வியே இல்லை என்று.
தோட்டத்தில் ஒளிந்தவனைப் பார்த்து நீர் கேட்டது இது.
போலீஸ் கேட்கிற கேள்வி என்றே
பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன் இத்தனை காலம்.
இல்லை. பனியில் கேட்கிற கேள்வி.
கேட்பவருக்குப் பதில் தெரியும்.
கேட்கிறவனுக்குத் திசை தெரிய வேண்டும்,
அதற்காக அந்தக் குரல்.
அப்படியானால் ஆதாமுக்காக எத்தனை இரவு
உம் உள்ளங்கை தோல் உரிந்திருக்கும்?

மூன்று மணி இருக்கும்.
கூழாங்கல்லில் படகின் அடி உரசும் சத்தம்.
பிறகு அவன், வாசல் தூணோடு,
தாடியில் உப்பு, பல் கிட்டி,
என் கையில் கயிற்றைப் பார்த்துவிட்டு
வாய் திறந்தான், மூடினான்.

எனக்கும் ஒன்றும் வரவில்லை.
"கதவைச் சாத்து" என்றேன்,
"பனி உள்ளே வருகிறது."

கொஞ்ச நேரம் நின்று கேட்டான்:
"உள்ளே இருந்தா, வெளியே இருந்தா?"

நான் சொன்னது உமக்குக் கேட்டிருக்கும்.

ஞாயிறு எனக்கு இருமல் வருமா, வராதா,
வாக்குக் கொடுக்க மாட்டேன்.
இன்று உருளைக்கிழங்கு உரிக்கக்கூடக் கை மடங்கவில்லை.
இன்னொன்று.
கயிறு ஒரு புரி அறுந்துவிட்டது.
அடுத்த முறை சாமியார் வரும்போது
மறக்காமல் புதிது கொடுத்தனுப்பும்,
இதைவிட நீளமாக.