பதின்மூன்றுக்குப் பிறகு

பதிவறைக்கு ஜன்னல் ஒன்றுதான்.
கடற்காற்று அதால் வந்து
முதலில் கிளிப்புகளைக் கடிக்கும்,
பிறகு என் முழங்காலை.

படிவத்தை மேசையில் வைத்தாள்.
கடற்படைக் கல்லூரி, கெடேற் அதிகாரி, மருத்துவத் தகுதி.
சிங்களத்துக்கு மேலே பென்சிலால்
பொடிப்பொடியாய்த் தமிழ்.
பதினேழாம் கேள்வியில் மட்டும் பென்சில் தடித்திருந்தது:
பதின்மூன்று வயதுக்குப் பின்
தொய்வு, முட்டு, பம்ப் பாவித்தது உண்டா?
கிளினிக் பதிவுகளை இணைக்க.

"கொப்பி வெள்ளத்தில போயிட்டுது சேர்.
திருகோணமலை ஆஸ்பத்திரியில பிரதி இருக்கும் எண்டவை."

பாக்கியராசா டிவானுஜா. சம்பூர்.
தேட ஒரு மணித்தியாலம் போனது.
மூன்றாம் அடுக்கில், எலிப்புழுக்கைக்குக் கீழே,
மெலிந்த கோப்பு.
விலாசம் சம்பூர் அல்ல:
கிளிவெட்டி இடைத்தங்கல் முகாம், கொட்டில் அறுபத்தொன்று.

வாசித்தேன். அதற்குத்தானே சம்பளம்.
இரண்டரை வயது, இரவு ஒன்று நாற்பது, முட்டு.
மூன்று வயதில் நான்கு தரம்.
நான்கு வயதில் எண்ணுவதை விட்டுவிட்டேன்.
ஈரத்தரை, விறகுப்புகை, சூடேறிய தகரம் என்று
ஒரு டொக்டர் நிதானமாக எழுதி
கீழே ஆலோசனையும் சொல்லியிருந்தார்:
வீட்டை மாற்றவும்.
ஊருக்குப் புதியவராக இருக்கவேண்டும்.

அந்த வருடங்களில் அவள் வளவில்
யார் முகாமடித்திருந்தார்கள் என்று
கோப்பில் இல்லை.
படிவத்திலும் அப்படியொரு கேள்வி இல்லை.
நானும் கேட்கவில்லை.
"அப்பாவுக்குத் தெரியுமோ?" என்று மட்டும் கேட்டேன்.
"மெடிக்கல் முடியட்டும்."
பிறகு, நான் கேட்காமலே,
"அவருக்குக் கடல் எண்டால் வலை. எனக்கு வேற."

கடைசித் தாள்.
ஊர் திரும்பிய பிறகு ஒரேயொரு தரம்.
விளையாட்டு மைதானத்திலிருந்து கொண்டுவரப்பட்டார்,
புகை பிடிக்க விடப்பட்டது, மாலை வீடு சென்றார்.
செப்டெம்பர் பதினொன்று, இரண்டாயிரத்துப் பத்து...
எட்டா, ஒன்பதா?
கடைசி இலக்கத்தின் மேல்தான்
கிளிப் இத்தனை வருடமும் படுத்துத் துருவேறியிருக்கிறது.
அவள் பிறந்தது ஒக்டோபர், இரண்டாயிரத்து ஐந்து.
எட்டென்றால் பன்னிரண்டு வயது. கேள்வி அவளைத் தாண்டிப்போகும்.
ஒன்பதென்றால் பதின்மூன்று.

"ஆயிரத்து ஐந்நூறு மீற்றர்," என்றாள்.
"ரெண்டாவதா வந்தனான். கோட்டைத் தாண்டித்தான் விழுந்தனான்."
"எந்த வருசம், பிள்ளை?"
ஜன்னலால் பார்த்தாள்.
கீழே சைக்கிள் நிறுத்துமிடத்தில் ஒரு மான்
யாருடையதோ மருந்துச்சிட்டையைத் தின்றுகொண்டிருந்தது.
துண்டு முழுதாய் உள்ளே போகும்வரை
இரண்டுபேரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

நகத்தால் மெல்லச் சுரண்டினேன்.
ஒரு வளைவு தெரிந்தது. வால்மாதிரியும் இருந்தது,
வயிறுமாதிரியும் இருந்தது.
இன்னும் சுரண்டினால் தாள் ஓட்டையாகும்.
கையை எடுத்தேன்.

கடிதத்தில் இருந்ததை இருந்தபடி எழுதினேன்,
முகாம் விலாசத்தையும் விடாமல்.
ஆண்டின் இறுதி இலக்கம்
துருவினால் வாசிக்க முடியாதுள்ளது.
பொய் ஒன்றுமில்லை அதில்.
இருபத்தாறு வருட வேலையில்
இவ்வளவு நேரம் ஒரு வசனத்துக்குச் செலவழித்ததும் இல்லை.

மீதி அங்கே தெரியும்.
குழாயை வாயில் தந்து ஊது, ஊது, இன்னும் ஊது என்பார்கள்.
குழாய்க்கு வருசக்கணக்குத் தெரியாது.
இன்றைக்கு உள்ளே எவ்வளவு கிடக்கிறது, அவ்வளவுதான்.

நன்றி சொன்னாள். போனாள்.
இரண்டிரண்டு படியாய்த் தாவி
மூன்று மாடி இறங்குவது கேட்டது.
அடியில் நின்றாள்போல.
என்னை அறியாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு
காது கொடுத்தேன்.
மின்விசிறிதான் கேட்டது.

முத்திரை குத்தவில்லை என்பது
அப்போதுதான் ஞாபகம் வந்தது. மைப்பெட்டி திறந்தபடி கிடக்கிறது.
கேற்றடியில் பார்த்துத் திருப்பியனுப்புவார்கள்.
ஏறி வரட்டும்.