பாயிண்ட்

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறைக்கு மேல்மாடி,
அதுதான் எங்கள் ஆபீஸ்.
ஒரு பொத்தான்தானே, என்றாள் ரஷீதா.
விலை பிடிக்காத விவசாயி அழுத்துவதற்கு
சிவப்பில் ஒன்று.
பலகையில் பச்சை மையால் எழுதினாள்: 3.

நான் எழுந்து போய்
கறுப்பில் இடப்பக்கம் இரண்டு வளைவு போட்டேன்.
8.

எட்டு என்றால் என்ன,
நாளா, ஆளா, என் பயமா,
எனக்கே தெரியாது.
லோடு இறங்கிய பிறகு அழுத்தினால்?
எடைச்சீட்டு அச்சான பிறகு?
சிக்னல் இல்லாத காட்டில் நின்று மூன்று முறை அழுத்தினால்?
ஒவ்வொன்றாகக் கேட்டேன்.
ஒவ்வொன்றுக்கும் அவள்
பாவம் அந்த ஆளு, என்றாள்.
கீழே வெள்ளியைத் தட்டிக்கொண்டே இருந்தார்கள்.
தட்டுவடை செட் வந்தது,
பொட்டலத்தில் சட்னி ஊறி நமத்துப்போகும்வரை
யாரும் பிரிக்கவில்லை.

வியாழக்கிழமை ஆத்தூர் பஸ்.
வாழப்பாடிவரை அவள் ஜன்னலோடு பேசினாள்.

ஆலை வாசலுக்கு முன்பே புளித்த வாடை.
அர்த்தநாரி டிராக்டரிலிருந்து ஒரு கூடை மரவள்ளியை எடுத்து
மண் போகக் கழுவி, துண்டு போட்டு
தண்ணீருக்குள் இறக்கினார்.
முள் ஆடியது. நின்றது.
இருபத்தாறு பாயிண்ட்.

இருபத்தெட்டுங்க, என்றார் சின்னப்பையன்,
டயரில் சாய்ந்தபடி, முள்ளைப் பார்க்காமலே.
மழை குடிச்ச கெழங்கு இது.
மழை மேக்கால பெஞ்சுதுங்க, எங்க காட்டுல சொட்டு இல்ல.

ரஷீதா என்னைப் பார்த்தாள்.
நான் முள்ளைப் பார்த்தேன்.

இன்னொரு கூடை போடுங்க, என்றார் சின்னப்பையன்.
போட்டார். இருபத்தேழு.
இருவர் முகத்திலும் சந்தோஷம் இல்லை,
சீட்டு எழுதியாகிவிட்டது.

எங்கள் திரையை அர்த்தநாரியிடம் நீட்டினோம்.
மாவுப்பால் காய்ந்த விரல், அதன்மேல் ஈரம்.
போன் அவரைக் கண்டுகொள்ளவில்லை.
இது யாருக்குங்க, என்று கேட்டார்.
உங்களுக்குத்தான், என்றோம்
ஒரே நேரத்தில்.

திரும்பும்போது கடைசி சீட்.
முடியாதுன்னு அவர் சொல்லவே இல்லையே, என்றாள்.
டிக்கெட்டின் பின்னால் எழுதினாள்:
இன்னொரு கூடை.
எத்தனை பாயிண்ட்?

தெரியல, என்றேன்.
மூன்று வருடத்தில் இந்த வார்த்தையை
அவளிடம் சொன்னதில்லை.
எனக்கும்தான், என்றாள்.
அயோத்தியாபட்டணத்தில் மழை பிடித்தது,
ஜன்னல் ஷட்டர் பாதியில் சிக்கிக்கொண்டது,
ஆளுக்கொரு பக்கம் இழுத்தும் இறங்கவில்லை.
நனைந்தோம்.

வேலை முடிய பதின்மூன்று ஆனது.
அவள் எண்ணும் இல்லை, என்னுடையதும் இல்லை.

பலகையை யாரோ துடைத்திருக்கிறார்கள்.
கறுப்பு போய்விட்டது.
பச்சை மை மட்டும் கொஞ்சம்
பிடிவாதமாக.