எர்த்து

பதினாறு கிலோ. பெட்ஷீட்டில் சுற்றி
ஆட்டோவில் மடிமேல் சாய்த்துக்கொண்டு
மறுபடியும் வருகிறார் செலஸ்டின்.
கொருக்குப்பேட்டை கேட் மூடியிருந்தால்
அதனோடு பேசிக்கொண்டிருப்பாராம்.
ஆட்டோக்காரர் சொன்னது.

"உம்முங்குதும்மா."

ஜப்பான் பிளேயர். ஹார்பரில் டாலி கிளார்க்காக இருந்தபோது
ஒரு கப்பல் இன்ஜினியரிடம் வாங்கினார்.
அந்த வருஷம் வீட்டில்
ஃப்ரிட்ஜ் வாங்குவதாக இருந்தது.

மூடியைத் திறந்தால் உள்ளே
என் கையெழுத்துதான் அதிகம்.
லேசர் கண் இரண்டு முறை மாற்றியது,
இரண்டாவது, செத்த மெஷின் ஒன்றிலிருந்து எடுத்தது.
தட்டை உள்ளிழுக்கும் பெல்ட் நாலு.
மணலிப் பக்கமிருந்து காற்று வந்தால்
வெள்ளி முலாம் பின்கள் கறுத்துப்போகும்,
அழிரப்பரால் தேய்ப்பேன்,
தப்பாகப் போட்ட கணக்கைத் தேய்ப்பதுபோல.
கடலும் சும்மா இருக்காது.
டெர்மினலில் பச்சை பூக்க வைக்கும்.

பெஞ்சில் வைத்தேன். ஓடவிட்டேன்.
உம் இல்லை.
பெஞ்சில் எப்போதுமே உம் இல்லை.

நோட்டைப் புரட்டினேன்:
2012 மே 19. உம். கெப்பாசிட்டர் எட்டு. சரி.
2014 மே 27. உம். டயோடு, ட்ரான்ஸ்ஃபார்மர் புஷ். சரி.
2017 மே 11. உம். கெப்பாசிட்டர், இந்த முறை விலை கூடியது. சரி.
2019 மே 30. உம்.
மே, மே, மே, மே.
ஆடு மாதிரி கத்திக்கொண்டிருந்திருக்கிறது நோட்டு,
பத்து வருஷமாக.

பார்ட் வர ஒன்றரை மாதம் ஆகும்.
பார்ட் வருவதற்குள்
ஒரு மழையும் வந்துவிடும்.
மாட்டிக் கொடுப்பேன். வீட்டில் பாடும்.
சரி என்று எழுதுவேன்.

மீட்டரை எடுத்துக்கொண்டு கல்மண்டபம் போனேன்.
அவர் வீட்டு பிளக்கில்
நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில்
நாற்பத்தொரு வோல்ட்.
ஒயரைப் பிடித்துக்கொண்டே கீழே இறங்கினால்
படிக்கட்டுக்கு அடியில், குழாயடியில் முடிகிறது:
சிமெண்ட் மூடி, அதற்குக் கீழே
பாளம் பாளமாக வெடித்த மண்,
மூலையில் கரித்துண்டு.

கீழ் வீட்டு ரமணம்மா சங்கரா கழுவிக்கொண்டிருந்தாள்.
"முன்னாடி எல்லாம் இதுலதான் ஊத்துவேன்.
வெயில் காலத்துல லாரி மூணு நாளைக்கு ஒருவாட்டி.
கழுவுன தண்ணிய கக்கூஸுக்கு வச்சுக்குவேன்.
ஏன், என்ன உங்களுக்கு?"

சொன்னேன். சிரித்தாள்.
சிரித்து முடித்துவிட்டு ஒரு வாளி ஊற்றினாள்,
செதிலும் உப்பும் ரத்தமுமாக.
மண் சத்தத்தோடு குடித்தது.

மேலே அரைமணி நேரம் காத்திருந்தோம்.
பாட்டு முடிந்தது. அடுத்தது தொடங்குமுன்
நாலு விநாடி.
அந்த நாலு விநாடிக்குத்தான்
அவ்வளவு பணம் கொடுத்து வாங்கினார் மனுஷன்.
அதில் உம் இல்லை.
காசிமேட்டில் ஒரு லாஞ்ச் கிளம்புவது கேட்டது.
செலஸ்டின் கண்ணைத் திறக்கவில்லை.

"நீ மாத்துன கெப்பாசிட்டர் எல்லாம்
நல்லதுதானேம்மா?"
"நல்லதுதான் சார்."
"அப்ப இருக்கட்டும்."

கீழேயிருந்து ரமணம்மா:
"இனிமே பாட்டு போடறப்பல்லாம்
வாளி கேட்டு வருவீங்களா?
கக்கூஸுக்கு யார் குடுப்பா?"
அவர் எழுந்து, தன் குடங்களை
எண்ணிப் பார்க்கப் போனார்.

கேட் மூடியிருந்தது. சரக்கு வண்டி.
எத்தனை பெட்டி என்று எண்ணாமல்
பழைய பில்களை மனசுக்குள் கூட்டினேன்.
பதினாலாயிரத்து முந்நூறு.

ராத்திரி நோட்டில் எழுதினேன்:
2022 மே 8. உம். மெஷினில் ஒன்றுமில்லை.
மீன் கழுவிய தண்ணீர், ஒரு வாளி.
தொகை என்ற கட்டத்தில்
பேனாவை வைத்தேன், எடுத்தேன்.
வரவில் எழுதுவதா, பற்றிலா.