மாங்குளத்துக்கு அங்காலை

கடிதம் வந்தது செவ்வாய்க்கிழமை.
புதன் விடியமுன்னம்
மல்லாவி இரண்டாய்ப் பிளந்துவிட்டது.

யாழ்ப்பாணத்துப் பெரிய லீக்
பதினொரு அணியைப் பன்னிரண்டாக்குதாம்.
வன்னியிலிருந்து ஒன்றை எடுக்குமாம்.
அந்த ஒன்று நாங்களாம்.

நான் புள்ளி எழுதுகிறவள்.
எட்டு வருடமாய் மேசையின் இடப்பக்கம்.
நீலப் பேனை எங்களுக்கு, சிவப்பு வந்தவர்களுக்கு.
என்னிடம் ஒருவரும் அபிப்பிராயம் கேட்பதில்லை,
ஃபவுல் எத்தனை என்றுதான் கேட்பார்கள்.

அன்று பின்னேரம் பயிற்சி நடக்கவில்லை.
பெடியள் பந்துகளின் மேல் குந்தியிருந்தார்கள்,
சுற்றிவர எங்கள் சனம்.

அறுவடை மெஷின் ஓட்டும் குகநேசன் எழும்பினான்.
"எத்தினை காலத்துக்கு இந்த ஆறு அணிக்குள்ளை
சுத்திச் சுத்தி விளையாடுறது?
போனமுறை துணுக்காயை அறுபது புள்ளியாலை வெண்டனாங்கள்.
அது வெற்றியோ? பாவமெல்லோ."

"வான் காசு ஆர் தாறது?"
கொன்சலா அக்கா ஃபோனில் தட்டிக் காட்டினா.
மாங்குளத்தில் இடப்பக்கம் திரும்பினால் ஒரு கணக்கு,
நேரே ஒட்டுசுட்டான் போனால் இன்னொரு கணக்கு.
டீசல், சாரதிக்குக் கைக்காசு,
பன்னிரண்டு பெடியளுக்குச் சோத்துப் பார்சல்.
"அதுவும் முட்டை இல்லாமல்."

பவிதரன் போய்ப் பார்த்தவன்.
உள்ளரங்காம், மரத்தளமாம்,
மழைக்கு ஆட்டம் நிற்காதாம்.
எங்கள் சீமெந்தின் நடுவட்டத்தில்
மாடு படுத்தெழும்பின ஈரம்.
அவன் அதைப் பார்க்காமல்தான் சொன்னான்.
நாங்கள் எல்லாரும் பார்த்தோம்.

"அங்கை போனால் பன்னிரண்டாவதாய் வருவம்."
"இஞ்சை முதலாவதாய் வந்து என்னத்தைக் கண்டனீ?"
"கப் கண்டனான்."
"அந்தக் கப்பிலை இப்ப பாடசாலைக் கன்ரீன்காரர்
கரண்டி போட்டு வைச்சிருக்கினம்."

சிரிப்பு அடங்க, மூலையிலிருந்து
சைக்கிள் கடை அருந்தவம் கேட்டார்:
"நாங்கள் போனால் மிச்சம் அஞ்சு.
ஒவ்வொரு கிழமையும் ஒரு அணி சும்மா இருக்கவேணும்.
அதை யோசிச்சனீங்களோ?"
ஒருவரும் யோசிக்கவில்லை.
அதற்குப் பிறகும் யோசிக்கவில்லை, நுளம்பு கடித்தது,
வீட்டுக்குப் போனோம்.

சனிக்கிழமை புதுக்குடியிருப்பு வந்தது,
ஒரு லொறி நிறைய,
முன்னால் தகரப் பேணியோடு பேரின்பம்.
எட்டு வருடமாய் என்னைக் "கள்ளப் பேனை" என்கிற மனிசன்.
ஒருமுறை இரண்டு புள்ளியை மாறி எழுதினேன்,
உடனேயே திருத்தினேன்.
அவர் திருத்தவில்லை.

ஆட்டம் தொடங்க முதல் மேசைக்கு வந்தார்.
"போறியளாமே, பிள்ளை."
"இன்னும் முடிவில்லை."
"போங்கோ. நல்லது. பெடியள் நாலு இடம் காணட்டும்."
பேணியைக் கைமாற்றினார்.
"ஆனா அங்கை உங்களை ஆர் ஏசுவினம்?
உங்கடை பேரைப் பாடமாக்கவே
அவங்களுக்கு ஒரு வருசம் வேணும்."

நான் சிவப்புப் பேனையின் மூடியைக் கழற்றினேன்.
அவர் போய்த் தன் இடத்தில் நின்றார்.
இரண்டாம் கால்பகுதியில் தொடங்கிவிட்டார்,
"கள்ளப் பேனை! கள்ளப் பேனை!"
பேணியில் தாளம் பிசகவில்லை.

ஞாயிறு கையுயர்த்தினார்கள்.
போவம் என்று முப்பத்துநாலு,
வேண்டாம் என்று இருபத்தொன்பது.
எண்ணிச் சொன்னது நான்.
எண்ணுகிறவள் கையுயர்த்துவதில்லை என்று
எங்கேயும் எழுதியிருக்கவில்லை,
இருந்தாலும் நான் உயர்த்தவில்லை.

சனிக்கிழமை ஆட்டமோ?
ஒரு புள்ளியால் தோற்றோம்.
எங்கள் பக்கத்தில் அதை ஒருவரும் கதைக்கவில்லை,
எல்லாருக்கும் வேறு கதை இருந்தது.
பேரின்பம்தான் கதைத்துக்கொண்டு லொறியேறினார்.
கடைசிக் கூடையை, என் பேனையை,
நடுவரின் கண்ணாடியை.
மாங்குளம் தாண்டியும் கதைத்திருப்பார்.