புளிப்பு

வெள்ளிதோறும் வேலை முடிந்து வந்ததும்
குளியலறைக்குள் மண்டியிடுவேன்.
கையில் பழைய டூத்பிரஷ்,
முட்டிக்குப் பக்கத்தில் ஒரு குவளை வினிகர்.
டைலும் டைலும் தொடும் கோட்டில்
வாரமெல்லாம் குடியேறிய கறுப்பைத்
தேய்த்துத் தேய்த்துக் கிளப்புவேன்.

பீனிக்ஸில் கறுப்பு இரண்டு வகை.
ஒன்று ஈரத்தில் தானே பிறக்கும்.
மற்றது கரும்புக்காடு எரியும் மாதங்களில்
ஜன்னல் இடுக்கு வழியே
சாம்பல் இறகாக இறங்கும்.
தொட்டால் மை,
ஊதினால் அடுத்த மூலை.
இரண்டையும் விட்டுவைத்ததில்லை நான்.
குளித்த கையோடு ரப்பர் வாரியால் சுவரை வழிப்பேன்,
மேலிருந்து கீழாக,
ஒரு சொட்டு மிஞ்சினால் மறுபடி முதலிலிருந்து.
"உன் பாத்ரூமில் இலை போட்டுச் சாப்பிடலாம்டா"
என்பாள் டோங்காட்டிலிருந்து வரும் அக்கா விசாலி.
பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

ஆகஸ்டில் ஒரு நாள்
கீழ்வீட்டுத் தேவநாயகி படையாச்சி கதவைத் தட்டினாள்.
சண்டைக்கு வந்த முகமில்லை.
போனில் ஒரு படம்:
அவள் வீட்டு சீலிங்கில் பழுப்பு வட்டம்,
டீக் கோப்பை வைத்து எடுத்த மேசைபோல.
"உங்க ஷவருக்கு நேர் கீழே."
"இருக்காதே, என் வீட்டில் பொட்டு அழுக்குக் கிடையாது."
அவள் அழுக்கைப் பற்றி
ஒன்றுமே கேட்டிருக்கவில்லை.

ஹார்டுவேர் கடை ஸ்தெம்பிசோ
நான் பெயர்த்துக் கொண்டுபோன துணுக்கை
இரண்டு விரலுக்கு நடுவில் நசுக்கினான்.
சர்க்கரையாக உதிர்ந்தது.
"எதை வைத்துக் கழுவுவீங்க?"
சொன்னேன், கொஞ்சம் பெருமையோடுதான்.
"சிமெண்டைப் புளிப்பு தின்னும், சார்.
வாரா வாரம் ஊட்டியிருக்கீங்க."

பதினொரு வருடம்.
எத்தனை வெள்ளி என்று பெருக்கிப் பார்க்கவில்லை.
தேய்ந்துகொண்டிருந்தது அது.
வெளுக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன் நான்.

பழைய சாந்தைச் சுரண்டியெடுக்க ஒரு சனிக்கிழமை போயிற்று.
வடிகாலுக்குப் பக்கத்து டைல்
தட்டினால் காலிப்பெட்டிபோல் பேசியது.
அதையும் கழற்றினேன்.
அடியில் ஈரமணல்,
கிழங்கு பிடுங்கிய குழியின் வாசம்.
புதுத் தூளைக் குழைத்து,
ரொட்டி மாவைவிடத் தளர்வாக,
சாய்வாக இழுத்து, அழுத்தி, துடைத்து
நிமிர்ந்தபோது இடுப்பு என்னுடையதாக இல்லை.
இரண்டு நாள் தண்ணீர் படக்கூடாது என்றது பை.
வாரத்தில் பாதி நாள் வறண்டு கிடக்கும் முனிசிபல் குழாய்
அன்றைக்கென்று பொங்கிப் பொங்கி வந்தது.

துண்டும் சோப்புமாகக் கீழே போய் நின்றேன்.
"கெய்சர் போட்டிருக்கேன், வாங்க" என்றாள்.

அவள் குளியலறையில்
மூடி தொலைந்த ஷாம்பு ஐந்து,
குழாயில் சுற்றிய ஈரக் காலுறை,
மூலையெல்லாம் பூஞ்சை.
சாந்து மட்டும் கல்லாக இருந்தது,
நகத்தால் கீறிப் பார்த்தேன்.
தலையில் தண்ணீர் விட்டுக்கொண்டு அண்ணாந்தேன்.

என் கறை.
படத்தில் தெரியாதது ஒன்று இப்போது தெரிந்தது:
விளிம்பைச் சுற்றி மெல்லிய பென்சில் கோடு.
அதற்கு வெளியே இன்னொன்று,
அதற்கும் வெளியே.
ஒவ்வொன்றின் ஓரத்திலும் சின்னக் கையெழுத்தில் தேதி.
பிப்ரவரி 9. மார்ச் 2. ஈஸ்டர்.
ஜூனில் மட்டும் மூன்று.

ஆறு மாதம் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள்,
மேலே நான் வழித்துக்கொண்டிருந்தபோது.

"கிரேஷன் வேலை" என்றாள் வெளியே வந்ததும்.
"ஸ்கூல் புராஜெக்ட் மாதிரி ஆக்கிட்டான்.
நின்றுவிடும், நின்றுவிடும்னு நானும் இருந்தேன்."
என் தலையிலிருந்து அவள் தரையில் சொட்டியது.
குனிந்து துடைக்கப் போனேன்.
"விடுங்க, காயும்" என்றாள்.

மூன்றாம் நாள் மேலே குழாயைத் திறந்தேன்.
குளிக்கவில்லை, சும்மா ஓடவிட்டேன்.
கீழே அந்தப் பையன்
பென்சிலோடு ஸ்டூல் மேல் நிற்பான்.
தண்ணீருக்கு இந்தப் பக்கம் நானும்
அந்தப் பக்கம் அவனும்
மூச்சைப் பிடித்துக்கொண்டு.