அழைப்பு மணி

ஒடுகத்தூர் ஆரம்ப சுகாதார நிலையத்தில்
எப்சிபா சிஸ்டருக்குக் கீழே நான் எட்டு வருசம்.
ராத்திரியில் மணி அடித்தால் செருப்பைத் தேடமாட்டார்,
வெறுங்காலோடு ஓடுவார்.

பிறகு எம்.எல்.ஏ. ஆனார்.
பெரிய கட்சிக்காரர் இரண்டு பேர் முட்டிக்கொண்டதில்
நடுவே விழுந்த சீட்டு என்றார்கள்.
இருக்கலாம்.
ஆனால் அந்த வருசம் முதல் ஓட்டுப் போட்ட பிள்ளைகளில்
எத்தனை பேருக்குத் தொப்புள்கொடி வெட்டியவர்
என்று யார் கணக்கெடுத்தார்கள்?

முதல் பேச்சுக்கு மூன்று நிமிடம் கொடுத்தார்கள்.
மூன்று நிமிடம் எவ்வளவு நீளம் என்று
அந்த அவையில் அவருக்குத்தான் தெரியும்.
அழாத குழந்தையைத் துடைத்து, சளி உறிஞ்சி,
காற்றுப் பையை அமுக்கி அமுக்கி
நீலத்தைச் சிவப்பாக்கிவிடலாம்.

மலைச்சாலை பதினொரு கிலோமீட்டர் என்றார்.
டோலியில் இறங்கிய சின்னகாளி என்றார்.
ரத்தப்போக்கு ஆயிரத்து இருநூறு மில்லி என்கும்போது
மணி அடித்தது.
பழக்கதோஷம்,
வாசல் பக்கம் ஓரடி எடுத்து வைத்துவிட்டார்.
அங்கே மணி அடித்தால்
உட்கார வேண்டுமாம்.
'சிரிப்பு' என்று அவைக்குறிப்பில் அச்சாகியிருக்கிறது.

மனு கொடுக்க வந்தவர்களின் கையைப் பிடித்தபடி
நாடி எண்ணுவார்.
மாலை போட்ட ஒன்றியச் செயலாளரிடம்
"வெறும் வயித்துல சுகர் பாத்தியாப்பா?"
ஒவ்வொரு மனுவின் மூலையிலும்
நேரம் குறிப்பார், 14.20 என்று, கேஸ் ஷீட் போல.
சாலை நாலு கிலோமீட்டர் வந்தது.
அதற்கு மேல் வனத்துறை.

இந்த முறை டெபாசிட் போய்விட்டது.
நான் போட்டேனா என்று கேட்காதீர்கள்.
வீட்டுக்காரர் சொன்ன இடத்தில் அமுக்கினேன்.

நேற்று பிபி பார்க்க வந்தார்,
டோக்கன் வாங்கி, பெஞ்சில் உட்கார்ந்து.
பட்டையைச் சுற்றும்போது
என் விரல் மையைப் பார்த்தார்.
ஒன்றும் சொல்லவில்லை.
"மலையிலேர்ந்து இப்ப எப்படி வராங்க?"
நாலாவது கிலோமீட்டர் வரைக்கும் டோலி,
அப்புறம் ஆட்டோ, சிஸ்டர்.
"எவ்ளோ நேரம் மிச்சம்?"
நாற்பது நிமிசம்.
நாற்பது, என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தார்.

பிரசவ வார்டில் மணி அடித்தது.
நான் எழுவதற்குள்
பட்டை கையிலேயே தொங்க
பாதி தூரம் போயிருந்தார்.
பெஞ்சுக்கு அடியில்
அவருடைய செருப்பு.